எட்டு மாதப் பாக்கியைச் சுமந்த மூன்று சக்கரப் பை

வலது தோள் இறுகிப்போய்ப் பத்து மாதம் ஆகிறது. பின்னல் போடக் கை பின்னால் போகாது. மேல் அலமாரியில் இருக்கிற டப்பா எட்டாது. தூக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டால் அதோடு அன்றைய தூக்கம் போச்சு. ஃப்ரோசன் ஷோல்டர் என்றார் டாக்டர். 40 வயதிலிருந்து 60 வயதுக்குள் வருவதாம். பெண்களுக்கு அதிகம், சர்க்கரை இருப்பவர்களுக்கு இன்னும் அதிகம், முழுசாகச் சரியாக ஒரு வருடமும் ஆகலாம், மூன்று வருடமும் ஆகலாம் என்றார். அதுவரை அந்தக் கையால் கனம் தூக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கனம் தூக்காமல் இருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, வெளியே போய்ச் செய்கிற வேலை என்றாலே எதையாவது தூக்கிக்கொண்டு போவதும் தூக்கிக்கொண்டு வருவதும்தான் என்று. சலவைத்தூளைப் பெரிய பையாக வாங்க முடியாமல் சின்னப் பாக்கெட்டாக வாங்கி, வாரத்துக்கு வாரம் தீர்ந்துபோனது. கம்பி ஒடிந்த குடை கதவுக்குப் பின்னாலேயே நின்றது. கைக்கடிகாரம் நின்றுபோய் இழுப்பறையில் கிடந்தது. வாசல் பூட்டுக்கு மாற்றுச் சாவி போட வேண்டும், செருப்புக்கு அடி ஒட்ட வேண்டும், கூடத்தில் இரண்டு பல்பு மாற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் தையல் மெஷின். சரிபண்ணி அக்கா மகளுக்குக் கொடுக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அக்கா இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வெறுங்கையோடு போய் வந்திருக்கலாம்தான். மெஷினோடுதான் போவேன் என்ற பிடிவாதத்தில் போகாமலே எட்டு மாதத்தைக் கழித்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவதோடு சரி.

சக்கரம் வைத்த பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது எனக்குப் பிசியோதெரபி செய்கிற பெண். வாங்கி ஒன்பது வாரம் ஆகிறது. இதுபோல ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு என் அனுபவம் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

இதில் மூன்று வகை உண்டு. பெரிய சக்கரம் இரண்டு வைத்து இழுத்துக்கொண்டு போவது ஒன்று. நான்கு சக்கரத்தோடு முன்னால் தள்ளிக்கொண்டு போவது இன்னொன்று. பக்கத்துக்கு மூன்றாக ஆறு சின்னச் சக்கரம் வைத்து, படியில் ஏறும் என்று சொல்லி விற்பது மூன்றாவது. அக்கா வீட்டுப் படியை மனசில் வைத்து நான் மூன்றாவதை வாங்கினேன். அலுமினியச் சட்டம், பாலியஸ்டர் துணிப் பை, 40 லிட்டர் கொள்ளும். வெறும் பையே 2.4 கிலோ. நிற்க வைத்தால் கைப்பிடி 97 சென்டிமீட்டர் உயரத்தில், என் இடுப்புக்குச் சற்று மேலே வருகிறது. பையைச் சட்டத்திலிருந்து கழற்றித் துவைக்கலாம். சட்டத்தை மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைக்கலாம். குடை இருந்த இடம்தான்.

முதல் நாள் பட்டியலோடு கிளம்பினேன். சலவைத்தூள், சோப்பு, பல்பு, இரண்டு படுக்கை விரிப்பு, தரை துடைக்கும் திரவம். கூடவே கடிகாரமும் குடையும் செருப்பும். வாங்க வாங்க மேலே மேலே போட்டுக்கொண்டே போனதில் கனமான சலவைத்தூள் பை கடைசியாக மேலே உட்கார்ந்துவிட்டது. திரும்பி வரும்போது பை கையை விட்டுப் பின்னால் சாயப் பார்த்தது. இடது கையால் இழுத்தும் முழங்கை வலித்தது. இது நமக்குச் சரிவராது என்றுதான் முதலில் நினைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சூட்கேஸ் எடை பார்க்கிற கொக்கித் தராசைக் கைப்பிடியில் மாட்டிப் பார்த்தேன். பைக்குள் மொத்தம் 18 கிலோ. கனமானதெல்லாம் மேலே இருக்கும்போது, இழுக்கிற சாய்வில் பிடித்தால் தராசு 6 கிலோ காட்டியது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சலவைத்தூளும் திரவமும் அடியில் சக்கரத்தை ஒட்டி, விரிப்பும் பல்பும் மேலே என்று மாற்றி அடுக்கினேன். அதே 18 கிலோ, அதே சாய்வு, இப்போது 2 கிலோதான். கனம் அச்சுக்குப் பக்கத்தில் இருந்தால் சக்கரம் தாங்கிக்கொள்கிறது, மேலே போகப்போக நம் கை தாங்க வேண்டியிருக்கிறது. ஏற்றம் இறைத்தவர்களுக்கும் நெம்புகோல் பிடித்தவர்களுக்கும் தெரிந்த கணக்குதான். ஆனால் பையோடு வந்த காகிதத்தில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இதை வாங்குகிற யாரும் இந்த ஒன்றை மறக்கக் கூடாது. கனமானதை எந்தக் கடையில் வாங்க வேண்டுமோ அந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும்.

தோள் வலி உள்ளவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பின்னால் இழுக்கும்போது கை உடம்புக்குப் பின்னால் போய்ச் சற்றுத் திருகிக்கொள்கிறது. இறுகின தோளுக்கு அதுதான் ஆகாத கோணம். வலது கையால் இழுத்த முதல் பத்து நிமிஷத்துக்கு இரவு முழுக்க அனுபவித்தேன். அதற்குப் பிறகு இடது கைதான். வழவழப்பான தரையில் சாய்த்து முன்னால் தள்ளிக்கொண்டும் போகலாம். ஆனால் நடைபாதையில் ஒரு விரிசலில் சக்கரம் சிக்கினால் கைப்பிடி நேராக வயிற்றில் வந்து இடிக்கும். இரண்டு தோளும் சரியில்லாதவர்கள் நான்கு சக்கரம் வைத்துத் தள்ளுகிற வகையை வாங்குவதே நல்லது.

அன்றைக்கு முடிந்த வேலைகளையும் சொல்லிவிடுகிறேன். கடிகாரத்தில் நின்றுபோன பட்டன் செல்லை அப்படியே விட்டுவைத்தது என் தவறு. மூடியைத் திறந்தபோது செல்லின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் கசிந்து உள்ளே அரித்திருக்கும் என்றார் கடிகாரக்காரர். எஸ்ஆர் என்று தொடங்குகிற சில்வர் ஆக்சைடு செல் போட்டார். 1.55 வோல்ட்டைக் கடைசிவரை ஒரே சீராகத் தருமாம். எல்ஆர் என்று தொடங்குவது அல்கலைன், போகப்போக வோல்ட் இறங்கிக்கொண்டே வரும். குடைக்குக் கம்பி மாற்றியாகிவிட்டது. செருப்பைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தவர் தலையை ஆட்டினார். அடிப்பாகம் மண்ணாங்கட்டி மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் அடி போட்ட செருப்பைப் போடாமல் பெட்டியில் வைத்தால், காற்றில் இருக்கிற ஈரமே அதைத் தின்றுவிடும் என்றார். எட்டு மாதம் பத்திரப்படுத்தி வைத்ததற்குப் பலன் அது. சாவிக்காரர் என் சாவியைப் பார்த்துவிட்டு, இதுவே நகல், நகலுக்கு நகல் போட்டால் பல்லில் தேய்மானம் கூடிக்கொண்டே போகும், பூட்டோடு வந்த அசல் சாவியைக் கொண்டுவாருங்கள் என்றார். அசல் சாவி அக்காவிடம் இருக்கிறது.

அடுத்த வாரம் தையல் மெஷின். மேஜையிலிருந்து தலைப்பாகத்தை மட்டும் கழற்றி, குளியலறை எடைப்பொறியில் வைத்தால் 12 கிலோ சொச்சம். வார்ப்பிரும்பு. பக்கத்து வீட்டுப் பையன் தூக்கிப் பைக்குள் இறக்கிக் கொடுத்தான். இந்தப் பையின் பெரிய குறை அப்போதுதான் தெரிந்தது. அடியில் கெட்டியான பலகை எதுவும் கிடையாது, வெறும் துணி. மெஷினின் கனத்தில் அது தொட்டில்போலத் தொங்கித் தரையைத் தொட்டது. பழைய பரீட்சை அட்டை ஒன்றை அளவுக்கு வெட்டி அடியில் போட்ட பிறகுதான் கிளம்ப முடிந்தது. இப்போதும் அந்த அட்டை பைக்குள்ளேயே இருக்கிறது.

கைச்சக்கரம் ஒரு சுற்றுக்கூடச் சுற்றவில்லை. உடைந்துவிட்டது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். மெக்கானிக் சிரித்தார். “ஒண்ணும் உடையலம்மா. எண்ணெய் காய்ஞ்சு பிசின் ஆயிருக்கு.” எண்ணெய் விடுகிற துளைகளில் எல்லாம் மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே இருந்தார். முதலில் கால் சுற்று, பிறகு அரைச் சுற்று, இருபது நிமிஷம் கழித்து முழுசாக ஒன்று. துணியைத் தள்ளுகிற பற்களுக்குக் கீழே பிசிறு சேர்ந்து சேர்ந்து கம்பளித் துண்டுபோலக் கெட்டியாக இருந்தது. ஊசி முனையால் அதை ஒரே தகடாகப் பெயர்த்து எடுத்தார். பிறகு மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் எண்ணெய் விட்டார். ஊசியின் தலையில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், அந்தத் தட்டைப் பக்கம் எந்தத் திசையில் நிற்க வேண்டும் என்று காட்டினார். மெல்லிய துணிக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, கெட்டித் துணிக்கு 16 என்று மூன்று நம்பர் ஊசியும் கொடுத்தார்.

பாபின் கேஸைக் கழற்றியபோது உள்ளே பாதி நூல் சுற்றின பாபின் இருந்தது. நல்ல நீல நூல். புதுசு போடட்டுமா என்று கேட்டார். அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கடுத்த சனிக்கிழமை அக்கா வீடு. மெஷின், ஊசி, எண்ணெய்ப் புட்டி, அக்காவுக்கு ஒரு படுக்கை விரிப்பு என்று பையோடு சேர்த்து 17 கிலோ. மாடிக்கு 18 படியாக மூன்று மாடிக்கு 54 படி. வலது கை கைப்பிடிச் சுவரில், இடது கை பையில். பக்கத்துக்கு மூன்றாக இருக்கிற சக்கரங்களில் சமதரையில் இரண்டு தரையைத் தொடும், ஒன்று மேலே சும்மா இருக்கும். படியின் விளிம்பில் முட்டியதும் மூன்றும் சேர்ந்து ஒரு பூவைப்போலச் சுழன்று, மேலே இருந்த சக்கரம் அடுத்த படியில் போய் உட்காரும். கொட்டாப்புளி அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வரும்.

படி ஏறும் என்று எழுதியிருப்பதை நம்பி, கனமே தெரியாது என்று யாரும் எண்ண வேண்டாம். 17 கிலோவை மூன்று மாடி உயர்த்த நம் கை கொடுக்க வேண்டிய உழைப்பில் ஒரு துளியும் குறையாது. சாதாரணச் சக்கரம் படியில் முட்டி நின்றுவிடும், ஒவ்வொரு படிக்கும் வெட்டி இழுக்க வேண்டும். இது முட்டாமல் சுழன்று கொடுக்கிறது. அந்த வெட்டு இல்லாததுதான் இதன் பலன். என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய பலன், வெட்டி இழுக்கும்போதுதான் தோள் பிடித்துக்கொள்ளும். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பையைச் சுவரில் சாய்த்து நின்று நின்று போனேன். இரண்டாவது மாடி தாண்டியதும் மேலே கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

“யாரு, என்ன சத்தம் அது?” அக்கா எட்டிப் பார்த்தாள். “அடி பாவி! இந்தத் தோளை வெச்சுக்கிட்டா இதை இழுத்துக்கிட்டு வர்றே?” என்று நாலு படி இறங்கி வந்து பையில் கை வைத்தவள், சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். இடது மணிக்கட்டு. சற்று ஒரு பக்கமாக வளைந்து, எலும்பு துருத்திக்கொண்டு இருந்தது.

“என்னக்கா இது? எப்போ?”

“அது ஆச்சு அஞ்சு மாசம். இதே படிதான், ஈரத்துல வழுக்கிட்டேன். ஆறு வாரம் கட்டு போட்டாங்க, சேர்ந்துடுச்சு. உள்ளே வா முதல்ல.”

அந்த ஐந்து மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருப்போம். ஒவ்வொரு முறையும் நல்லா இருக்கேன் என்றுதான் சொன்னாள். நானே வலியில் கிடக்கிறேன், எனக்கு எதற்கு இன்னொரு கவலை என்று மறைத்திருக்கிறாள். நான் மட்டும் என்ன சொன்னேன்? தோள் பரவாயில்லை என்றேன். பின்னல் போட முடியாமல் எட்டு மாதமாகக் கூந்தலைக் கிளிப்பில் அடக்கி வைத்திருப்பதைச் சொல்லவில்லை. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. உட்கார் என்றாள், சீப்பை எடுத்து வந்தாள். இடது கையில் பிடி இல்லாததால் பின்னல் தளர்ந்து தளர்ந்து போனது. மூன்று முறை அவிழ்த்துப் போட்டாள். நான்காவது முறை நின்றது.

பின்னிக்கொண்டே எட்டு மாதச் செய்தியையும் சொல்லி முடித்தாள். சித்தப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டதாம். கட்டு அவிழ்த்த அன்றைக்கு, வீட்டுச் சுவருக்கு யார் புதுசாக நீலம் அடித்தது என்று கேட்டாராம். மஞ்சளேறிப்போன பழைய லென்ஸை எடுத்துவிட்டால் நீலம் அப்படித்தான் பளிச்சென்று தெரியும் என்று கண் டாக்டர் விளக்கினாராம். மாமா மகன் வேலை மாறி வேறு ஊருக்குப் போய்விட்டான், அவன் பெண் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பெரியம்மா ஒரே கேள்வியை மூன்று முறை கேட்கிறாளாம். அடுத்த மாதத்துக்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம். போனில் இதில் பாதிகூட வந்திருக்காது. வந்திருந்தாலும் மணிக்கட்டு வந்திருக்காது.

அக்கா மகள் மெஷினை மேஜையில் பொருத்தினாள். “சித்தி, இந்த நூல் யாரோடது?” என்று பாபினைக் கையில் எடுத்துக் காட்டினாள். அக்கா எதுவும் பேசாமல் உள்ளே போய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு தலையணை உறையைக் கொண்டு வந்தாள். வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலத் தையல், ஒரு பக்கம் மட்டும் தைக்காமல் திறந்து கிடந்தது. அம்மா கடைசியாகத் தைத்தது. அந்த நூலை வைத்தே மீதி ஓரத்தை அக்கா மகள் தைத்து முடித்தாள். கோடு கொஞ்சம் கோணல்தான். நூல் போதுமானதாக இருந்தது, இன்னும் இரண்டு சுற்று மிச்சம்.

அவள் இயந்திரவியல் படிக்கிறவள். தையல் முடிந்ததும் பையைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தாள். இந்த மூன்று சக்கர அமைப்பை 1967ல் லாக்ஹீட் விமான நிறுவனத்தில் ஃபோர்சைத் என்ற பெயர் கொண்ட இரண்டு பேர், சேற்றிலும் மேட்டிலும் போகிற வண்டிக்காக உருவாக்கினார்களாம். சூட்கேஸில் சக்கரம் வைத்து பெர்னார்ட் சாடோ காப்புரிமை வாங்கியதே 1972ல்தான். அதில் நான்கு சின்னச் சக்கரமும் இழுக்க ஒரு வாரும் இருந்தன. நிமிர்த்தி இரண்டு சக்கரத்தில் சாய்த்து, நீளக் கைப்பிடி வைத்தவர் ராபர்ட் பிளாத் என்ற விமானி, 1987ல். கை ஒடிய ஒடியத் தூக்கித்தான் இத்தனை தலைமுறையும் போயிருக்கிறது. அம்மா இந்த மெஷினை ஒருமுறை தலையில் வைத்து வீடு மாற்றியதாக அக்கா சொன்னாள்.

இறங்கும்போதுதான் எனக்கு மோசமான அனுபவம். பைக்குள் கனமே இல்லை, அக்கா கொடுத்த பழைய துணிகளும் அசல் சாவியும் மட்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் இடது பக்கச் சக்கரத் தொகுதி அப்படியே கழன்று படியில் உருண்டது. அச்சின் முனையில் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னத் தகட்டு மூடிதான், அழுத்திச் செருகியிருக்கிறார்கள். 54 படி அதிர்வுக்கு அது தாங்கவில்லை. மேலே ஏறும்போது மெஷினோடு கழன்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வாங்கிய இடத்தில் கேட்டால் அந்த மூடியைத் தனியாகத் தருவதில்லை என்றார்கள். பை முழுசும் நம்பி நிற்பது அந்த ஒரு மூடியில், அதைப் போய் மாற்றுப் பொருளாக வைத்திருக்கவில்லை என்பது எனக்கு ஆறவே இல்லை. சைக்கிள் பழுதுபார்ப்பவர் ஒருவர் அச்சின் இரண்டு முனையிலும் துளை போட்டு, வாஷர் வைத்து, பிளவு ஆணி செருகி இரண்டு கால்களையும் மடக்கிவிட்டார். ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு அசையவில்லை. வாங்குகிறவர்கள் கடையிலேயே பையைக் கவிழ்த்து அச்சு முனையைப் பாருங்கள். ஆணியோ திருகோ இருந்தால் வாங்கலாம். வெறும் மூடியாக இருந்தால் அன்றைக்கே ஆணி போட்டுக்கொள்ளுங்கள்.

மற்றவை சின்னவை. மழையில் துணி நனையவில்லை, தையல் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது. உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டால் போதும். ஜல்லி பரப்பிய பாதையில் சின்னச் சக்கரங்கள் புதைந்துவிடுகின்றன. படியே ஏற வேண்டாதவர்கள் பெரிய இரண்டு சக்கரம் வைத்ததையே வாங்குங்கள், எடையும் குறைவு, இழுக்கவும் லகு. மாடி வீட்டுக்காரர்களுக்கு, ஆணி போட்டுக்கொள்வதானால், இதைத் தயங்காமல் சொல்வேன். எனக்கு எட்டு மாதத்துப் பாக்கி மூன்று வாரத்தில் தீர்ந்தது.

மாற்றுச் சாவி போட்டாகிவிட்டது, இந்த முறை அசலிலிருந்து. வழுக்காமல் திரும்புகிறது. இந்த வாரம் பை அக்காவிடம் இருக்கிறது. ஒற்றைக் கையால் அவள் மூன்று மாடிக்கும் எப்படித் தூக்கிக்கொண்டு ஏறினாள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் கொஞ்சமாக என்றாள். திங்கட்கிழமை திருப்பிக் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறாள். அது அவளிடமே இருக்கட்டும், எனக்கு இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.